உயரம் எண்டு சொல்லி முடிக்காதேங்கோ

போன கிழமை உட்துறைமுக வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் நாலைஞ்சு பெடியள். ஒருத்தன்ர போனில் தர்ஜினி சிவலிங்கத்தின் பழைய வலைப்பந்து வீடியோ. "ஆறடி பத்தங்குலம் இருந்தா நானும்தான் போடுவன்" எண்டான் இன்னொருத்தன். எல்லாரும் சிரிச்சாங்கள். வடையைப் பாதியில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன். அங்கே சொல்லி முடிக்க விடாததை இங்கே எழுதுகிறேன்.

2019, லிவர்பூல், உலகக் கிண்ணம். இலங்கை 16 அணிகளில் 15ஆவது இடம். ஆனால் அந்தத் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்த தர்ஜினி. 348 கோல். அப்போது அவருக்கு வயது 40. சிங்கப்பூருக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் 78 தடவை எறிந்து 76 கோல். தவறினது ரெண்டே ரெண்டு! உயரம் பந்தைக் கைக்குக் கொண்டுவரும், சரி. வளையத்துக்குள் போடுறது ஆர்?

வலைப்பந்தை ஒரு நாளாவது விளையாடினவைக்கு இது விளங்கும். நான் சாதாரண தரம் மட்டும் பள்ளிக்கூட அணியில் கோல் கீப்பர். கோல் சூட்டரை மறிக்கிறதுதான் என்ர வேலை. வளையம் பத்தடி உயரத்தில், பின்னால் பலகையும் இல்லை. பந்தைப் பிடித்தவர் அதோடு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும். எதிராளி மூன்றடி தள்ளி நின்று, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேலே சாய்வாள். அதுக்கும் முதல் இடம் பிடிக்க வேணும். முதுகால் எதிராளியைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு, ஆனால் இடிக்காமல், நடு ஆடுகளத்தில் பந்து வைத்திருக்கிறவளின் கண்ணைப் பார்த்து, அவள் எறிய முதலே எந்தப் பக்கம் எண்டு முடிவு எடுத்து... இதெல்லாம் உயரமா?

அமெரிக்கக் கால்பந்தில் 'ரிசீவர்' எண்டு ஒரு இடம் இருக்கு. எறியப்படும் பந்தைப் பிடிக்கிறதுதான் அவன்ர தொழில். ஜெரி ரைஸ் 20 பருவங்கள் ஆடி, 42 வயது வரைக்கும் நின்று, 1,549 பந்து பிடித்தார். கொத்தனாரான தகப்பன் எறிந்த செங்கலைப் பிடித்துப் பழகிய கை எண்டு அந்தக் கையைப் பற்றியே அங்கே கதை கதையாக எழுதினார்கள். எங்கட ஆள் 44 வயதில், 2023இல், கேப் டவுன் உலகக் கிண்ணத்திலும் நின்றார். அவரின் கையைப் பற்றி ஆர் எழுதினது? நாங்கள் எழுதினதெல்லாம் 208 சென்ரிமீற்றர்.

2022 செப்ரெம்பர் 11 ஞாபகம் இருக்கா? பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாய்ச் செத்துக்கொண்டிருந்த வருசம். அண்டைக்கு டுபாயில் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. எங்கட தெருவில் வெடி கொளுத்தினாங்கள். அதே நாள் சிங்கப்பூரில் 63-53 எண்டு வலைப்பந்து ஆசியக் கிண்ணமும் எங்களுக்குத்தான். அதுக்கு ஒரு ஈர்க்கு வாணமும் போகேல்லை. அடுத்த நாள்தான் 'எங்கள் தமிழச்சி' எண்டு படம் போடத் தொடங்கினாங்கள்.

அந்தத் 'தமிழச்சி'யை நாங்கள் எப்பிடி நடத்தினோம்? உயரத்துக்காகக் கேலி வாங்கி வளர்ந்தவர் அவர். முதல் உயரத்தைச் சொல்லிப் பகிடி. வெண்ட பிறகு "உயரம்தானே" எண்டு கழிவு. ரெண்டு பக்கமும் ஒரே சொல்லாலதான் அடி.

எங்கட வீட்டிலும் இதுதான். தங்கச்சிக்கு 16 வயசு, என்னை விட நாலு விரற்கடை கூட. சித்தி வந்தால் முதல் கேள்வி, "இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடுறது?" அவள் இப்ப கூனி நடக்கப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளை அணிக்கு எடுத்தது உயரத்துக்காக. வீட்டில் அம்மா நிற்பாட்டப் பார்க்கிறதும் உயரத்துக்காக, "இன்னும் விளையாடினா இன்னும் வளருவாள்" எண்டு. (அம்மா, இதை வாசிப்பீங்கள் எண்டு தெரியும். வாசியுங்கோ.)

உயர்தரத்துக்குப் பிறகு அவளுக்கு இங்கே என்ன இருக்கு? மக்கெய்சரிலும் ஏகாம்பரத்திலும் பின்னேரம் போய்ப் பாருங்கோ, பெடியளின்ர கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். தொடர்ந்து ஆடுறதெண்டால் கொழும்பில் ஒரு வங்கி அணி அல்லது முப்படையில் ஒரு அணி. தர்ஜினி மெல்பேர்ன் வரைக்கும் போய் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸுக்கு ஆடினவர். திருகோணமலையில் இருந்து ஒரு பெட்டை கொழும்புக்குத் தனியப் போறதெண்டாலே எத்தனை பேரின்ர அனுமதி வேணும்?

வலைப்பந்து ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். மக்கெய்சரின் ஒரு மூலை காணும். கிழமையில் ரெண்டு பின்னேரம் அந்த மூலையைப் பெட்டையளுக்கு விடச் சொல்லி நாங்கள் ஆறு பேர் கடிதம் எழுதுகிறோம். கையெழுத்துக்கு முதல்ல அந்த வாங்குக்குத்தான் போகப்போகிறேன். சிரிச்சவன், கையெழுத்துப் போட முதல், தங்கச்சியின்ர கைக்குச் சரியாய் வாறமாதிரி ஒரு பந்து எறிஞ்சு காட்டட்டும். பின்னால் நின்று மறிக்க நான் வாறன்.