தப்புக்குப் பக்கத்துல ஒரு கிற்றார்

2025 மார்ச், மெட்டல் கேக்கிறவங்களுக்கு நல்ல மாசம். டெல்லியோட பிளடிவுட் ‘நு டெல்லி’ அல்பத்தை வெளியிட்டாங்க. அதே மாசம் நியூசிலாந்தின் ஏலியன் வெபன்ரி ‘தே ரா’வைக் கொண்டு வந்தாங்க. முதல் பேண்ட் டோலையும் புல்லாங்குழலையும் டிஸ்டார்ஷன் கிற்றாரோட சேர்த்து வாசிக்குது. இரண்டாவது பேண்ட், பள்ளிக்கூடம் போற வயசுல இரண்டு சகோதரர்கள் ஆரம்பிச்சது. அவங்க மாவோரி மொழியில பாடுறாங்க. இரண்டையும் கேளுங்க, சத்தமாவே கேளுங்க. கேட்டு முடிச்சதும் எனக்கு வந்த கேள்வி உங்களுக்கும் வரலாம்: ஹட்டன்லயோ நுவரெலியாவிலயோ இருந்து இப்படி ஒரு அல்பம் ஏன் இன்னும் வரல?

“நம்ம பிள்ளைகளுக்கு அந்த ரசனை இல்ல”ன்னு சொல்றவங்க பஸ்ஸுல ஏறிப் பார்க்கணும். கறுப்பு டீ-சேர்ட்டும் காதுல ஹெட்செட்டுமா எத்தனை பேர் போறாங்க! கேக்கிறவங்க இருக்காங்க, உருவாக்கிறவங்கதான் இன்னும் வெளிய வரல. அது வரணும், அதுவும் மலையகத் தமிழ்ல வரணும்ங்கிறதுதான் என் கட்சி.

முதல்ல இந்தத் தீவுல என்ன இருக்குன்னு பார்ப்போம். இலங்கையில மெட்டல் புதுசு இல்ல. கொழும்போட ஸ்டிக்மாட்டா இருபது வருஷத்துக்கு மேல வாசிக்குது. ‘ஹாலோ ட்ரீம்ஸ்’ (2003) தொடங்கி ‘தி அசெட்டிக் பாரடொக்ஸ்’ (2015) வரைக்கும் அவங்க அல்பங்கள் இருக்கு. நமக்குப் பக்கத்து ஊரு கண்டியில இருந்து பரனோயிட் எர்த்லிங் வந்தாங்க. இன்னும் ஆழத்துக்குப் போனா ஜெனோசைட் ஷ்ரைன்ஸ். 2015இல வந்த அவங்க அல்பத்தோட நீண்ட தலைப்புக்குள்ள ‘கோவில்’ங்கிற சொல் ஒளிஞ்சிருக்கு. நம்ம சொல்லு உள்ள போயிருச்சு, ஆனா நம்ம குரல் இன்னும் போகல. சிங்கப்பூர்ல தமிழர்கள் வாசிக்கிற ருத்ரா 1992இல இருந்து இயங்குது. அவங்க பாட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்திலயும் சமஸ்கிருதத்திலயும்தான்.

நம்ம பக்கம் இது நடக்காததுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்ல, இடக்குறைவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுல எங்க வச்சு டிரம் அடிக்கிறது? சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குது. 2024 செப்டம்பர்ல தோட்டத் தொழிலாளியோட அடிப்படை நாட்கூலி 1350 ரூபான்னு முடிவாச்சு. அந்தக் கணக்குல ஒரு சுமாரான டிரம் செட் பல மாச உழைப்பு. கொழும்புப் பையனுக்குக் கராஜ் இருக்கு. நமக்குக் கராஜே கிடையாது.

அடுத்து, வீட்டுல கேக்கிற கேள்வி: “கத்துறதெல்லாம் ஒரு பாட்டா?” நியாயமான கேள்விதான். ஆனா நம்ம ஊர்ல மட்டும் இதுக்குப் பதில் ரொம்ப சுலபம். ஒப்பாரி வைக்கிற பாட்டியம்மா எந்த ஸ்ருதியில நிக்கிறாங்க? குரல் உடையுது, மூச்சு வாங்குது, சொல்லு பாதியில அழுகையா மாறுது. அதை யாரும் “அபஸ்வரம்”னு சொல்ல மாட்டோம். துக்கம் குரலை உடைக்கும்னு நமக்குத் தெரியும். ஹார்ட்கோர் பாடகர் செய்யிறதும் அதுதான். கோபம் குரலை உடைக்குது. ஒப்பாரியைப் புரிஞ்சுக்கிற காதுக்கு ஹார்ட்கோர் அந்நியமா இருக்க முடியாது.

இந்த இசை எங்க பிறந்துச்சுன்னும் பாருங்க. பிளாக் சபாத், பர்மிங்ஹாம், 1970. தொழிற்சாலை நகரம், தொழிலாளி வீட்டுப் பையன்கள். கிற்றார் வாசிச்ச டோனி அயோமிக்குப் பதினேழு வயசுல, தகட்டு இரும்புத் தொழிற்சாலையில மெஷின் இரண்டு விரல் நுனியை வெட்டி எடுத்துருச்சு. பிளாஸ்டிக்க உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சார். மெல்லிசான கம்பி போட்டார், பிறகு கம்பியோட இழுவையையும் தளர்த்தினார். மெட்டலோட அந்தக் கனமான, கீழ இறங்கின சத்தத்துல ஒரு பங்கு அந்த விபத்துல இருந்து வந்தது. தேயிலை ஸ்டோர்ல ராப்பகலா ரோலர் சுத்துற சத்தத்துல வளந்தவங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்ல.

ஹார்ட்கோர் பங்க்கோட இன்னொரு பாடம் சத்தத்தை விட முக்கியம்: யாரையும் கேக்காம நீயே செய். 1980இல வாஷிங்டன்ல சில இளைஞர்கள் டிஸ்கோர்ட் ரெக்கோர்ட்ஸை ஆரம்பிச்சாங்க. பெரிய கம்பனி வரும்னு காத்திருக்காம, தாங்களே பதிவு பண்ணி, உறையை மடிச்சு ஒட்டி, குறைஞ்ச விலைக்கு வித்தாங்க. உலகமே இதை ஒரு புரட்சியாப் பேசுது, பேசட்டும். ஆனா அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே மலையகத்துல ஒரு பெண் இதைச் செஞ்சிருக்காங்க. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோட துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்கள்ல பாடினாங்க. மக்களுக்குத் தெரிஞ்ச மெட்டுல இந்தியத் தொழிலாளிகளோட நிலைமையை எழுதி, 1940இல சின்னப் பாட்டுப் புத்தகமா அச்சடிச்சாங்க. யார்கிட்டயும் அனுமதி கேக்கல, சபாவுல மேடை கேக்கல. பங்க்குங்கிற சொல்லு இசைக்கு வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல வேலை நடந்திருக்கு.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வருவோம்: தப்பு.

“நம்மகிட்டதான் தப்பு இருக்கே, அதைக் கிற்றாரோட சேர்த்தா மலையக மெட்டல் ரெடி”ன்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. விடியக்காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிச்சதும் இதே தப்புதான். அது தொரையோட கடிகாரமாவும் இருந்திருக்கு. காமன் கூத்துல, திருவிழாவுல, சாவு வீட்டுல அதை அடிச்ச கைகளுக்கு நாம என்ன மரியாதை கொடுத்தோம்? அடிக்கிறவர் சாதியைச் சொல்லி ஒதுக்கி, தூரமா நிக்க வச்சு, தனிக் கோப்பையில தேத்தண்ணி கொடுத்த வரலாறு தமிழ்ச் சமூகத்துக்கே உண்டு. நம்ம லயமும் அதுக்கு விதிவிலக்கு இல்ல. அதனாலதான் தப்பைத் தொட மாட்டேன்னு முடிவெடுத்த இளைஞர்கள் இருக்காங்க. அந்த மறுப்பும் ஒரு போராட்டம்தான். அவங்களைப் பார்த்து “பாரம்பரியத்தை விட்டுட்டான்”னு புலம்ப நமக்கு உரிமை இல்ல.

அதனால தப்பை யூடியூப்ல இருந்து பத்து செக்கன் வெட்டி ஒட்டுற அல்பம் எனக்கு வேணாம். சென்னையில தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில முதல் மேடை ஏறினப்போ, பறையும் கானாவும் ரொக்கும் ராப்பும் ஒரே மேடையில சரிசமமா நின்னுச்சு. சாதியைப் பத்தி நேராப் பாடினாங்க. பறை அங்க அலங்காரமா வரல. மலையக பேண்ட் ஒண்ணு வந்தா அதுக்கும் இதுதான் அளவுகோல்: தப்பு அடிக்கிறவர் விருந்தாளி இல்ல, பேண்ட் ஆள். அட்டையில அவர் பேரும் வரணும், காசுல சம பங்கும் வரணும். அவர் கிற்றார் வாசிக்க ஆசைப்பட்டா கிற்றார் அவர் கைக்குப் போகணும். தப்பை இன்னொருத்தர் கத்துக்கணும், அந்த இன்னொருத்தர் எந்தச் சாதியா இருந்தாலும். இதைச் செய்ய முடியாத பேண்ட் எவ்வளவு வேகமா அடிச்சாலும் அது பழைய தோட்டம்தான்.

என்னத்தைப் பாடுறது? ஏலியன் வெபன்ரியோட முதல் அல்பத்துல ‘ரௌபட்டு’ன்னு ஒரு பாட்டு. மாவோரி நிலங்களைப் பறிக்க 1863இல போட்ட சட்டத்தைப் பத்தினது. ஒரு சட்டத்தைப் பத்தி மெட்டல் பாட்டு! நம்மகிட்ட சட்டத்துக்கா பஞ்சம்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரே அடியில நம்ம பாட்டன் பாட்டிகளை நாடற்றவங்களாக்குச்சு. 1964இல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு மனுசங்களைப் பங்கு போட்டுச்சு. ஒரு நிமிஷ ஹார்ட்கோர் பாட்டுக்கு இந்த இரண்டு எண்ணும் போதும்.

ஆனா அரசாங்கத்தைத் திட்டுறதோட நின்னுட்டா அது மேதினக் கூட்டத்துப் பாட்டாயிடும். அதைச் செய்யக் கட்சிகள் ஏற்கெனவே இருக்கு, ஸ்பீக்கரும் அவங்ககிட்ட பெருசு. 2018 ஒக்டோபர்ல ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு, கறுப்புச் சட்டை போட்டுக் காலிமுகத்திடல்ல கூடின மலையக இளைஞர்களை நினைச்சுப் பாருங்க. அவங்க கோபம் கம்பனி மேல மட்டும் இல்ல, தங்கள் பேருல பேசினவங்க மேலயும்தான். அந்த ஆயிரம் 2021இலதான் கிடைச்சது. ஹார்ட்கோர் நம்மளை நோக்கியும் திரும்பணும். லயத்துக்குள்ள இருக்கிற சாதி, சம்பள நாள்ல சாராயக்கடைக்குப் போற காசு, அடி வாங்கிட்டு விடிஞ்சதும் கொழுந்து எடுக்கப் போற அக்கா, பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன தம்பி. இதையெல்லாம் பாடாத ஆளு “சிஸ்டம், சிஸ்டம்”னு கத்துறதை நான் நம்ப மாட்டேன். பாடுறது பெண் குரலா இருந்தா இன்னும் நல்லது. கொழுந்து எடுக்கிறதுல பெரும்பங்கு அவங்க கை. மைக்கும் அந்தக் கையில இருக்கட்டும்.

“மெட்டல் வெள்ளைக்காரன் இசை”ங்கிறவங்களுக்கும் ஒரு சொல். தேயிலையும்தான் வெள்ளைக்காரன் கொண்டு வந்து நட்டது. அதை யார் உழைப்பு வளர்த்துச்சுன்னு உலகத்துக்கே தெரியும். ஹார்ட்கோரை வேகப்படுத்தின ஆரம்ப பேண்ட்கள்ல முக்கியமான பேட் பிரெய்ன்ஸ் முழுக்கக் கறுப்பினத்தவர்கள். எந்த இசையும் முதல்ல எடுத்தவனோட சொத்து இல்ல.

இனி வேலைக்கு வருவோம். ஸ்டூடியோவுக்குக் காத்திருக்க வேணாம். மொபைல் போன்ல பதிவாகும், கரகரப்பு இந்த இசைக்குக் குறையில்ல. நேப்பாம் டெத்தோட ‘ஸ்கம்’ (1987) அல்பத்துல ஒரு பாட்டு இரண்டு செக்கன் கூட ஓடாது. அந்த அல்பம் இன்னிக்கும் பேசப்படுது. டிரம் இல்லையா? வாளியும் தகரமும் இருக்கு. இடமில்லையா? தோட்டத்து வாசிகசாலை, பகல்ல பூட்டிக் கிடக்கிற சனசமூக மண்டபம், ஞாயித்துக்கிழமை மைதானம். தலைவர்மார்கிட்ட சாவி கேளுங்க. குடுக்கலைன்னா அதுவே முதல் பாட்டு. நாலு பாட்டு சேந்ததும் பேண்ட்கேம்ப்ல போடுங்க. பாட்டு வரிகளைப் போட்டோகொப்பி எடுத்து, மீனாட்சியம்மாள் செஞ்ச மாதிரி பஸ் ஸ்டாண்ட்ல கையில கொடுங்க.

நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் நாங்க எழுதுவோம், நம்ம ஊர்ப் பிள்ளைங்கன்னு மார்க் போட மாட்டோம். ஆனா கேப்போம், கடைசி செக்கன் வரைக்கும் கேப்போம். 2023இல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆட்கள் நடந்தே வந்து, நாங்க இங்கதான் இருக்கோம்னு காட்டினாங்க. அடுத்தது காதுல விழட்டும். நாலு பேரு, ஒரு போன், ஒரு சாவி. இந்த வாரமே ஆரம்பிங்க.