தோளில் தட்டிக்கொடுக்கும் படம்



நம் குழுவில் இரண்டு நாளாக ஓர் ஓவியம் சுற்றுகிறது. காரன்வாலிஸ் பிரபு திப்பு சுல்தானின் இரண்டு மகன்களை வரவேற்கிறார். "தோற்றவன் பிள்ளைகளிடமும் எவ்வளவு பாசம்!" என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வரிசையாகக் கைகூப்பல் வேறு. எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தப் பிள்ளைகள் விருந்தாளிகளா? பிணையாக வந்தவர்கள். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே நடந்தது இது. திப்பு பாதி நாட்டைக் கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதுவரை பிள்ளைகள் அடகு. சென்னைக்குக் கொண்டுவந்தார்கள், 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள். உப்பளத்து வேலைக்கு முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர்! மேஸ்திரி தோளில் தட்டிக்கொடுத்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லித்தர வேண்டுமா?

வரைந்த ராபர்ட் ஹோம் கம்பெனிப் படையோடு கூடவே போனவர். நேரில் பார்த்தவர் பொய் சொல்வாரா என்பீர்கள். வரவேற்றது உண்மைதான். எந்த நிமிடத்தை வரைய வேண்டும் என்பது ஜெயித்தவன் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் இது பழைய வித்தை. ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1635 வாக்கில் 'பிரெடாவின் சரண்' வரைந்தார். தோற்ற டச்சுத் தளபதி கோட்டைச் சாவியை நீட்டிக் குனிகிறார். ஸ்பெயின் தளபதி ஸ்பினோலா அவர் தோளில் கைவைத்து, மண்டியிட விடாமல் தடுக்கிறார். அருமையான ஓவியம், மறுக்கவே மாட்டேன். ஆனால் ஸ்பினோலாவுக்குப் பின்னால் காடு மாதிரி நிற்கும் ஈட்டிகளையும் பாருங்கள். அது நான்காம் பிலிப் மன்னரின் அரண்மனை மண்டபத்துக்காக வரைந்தது. 1637இல் டச்சுக்காரர்கள் பிரெடாவை மீட்டுக்கொண்டார்கள்!

திப்பு மட்டும் சளைத்தவரா? காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் 1780இல் கம்பெனிப் படையை முறியடித்ததை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் சுவரில் வரையவைத்தார். அதில் தளபதி பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி இருக்கிறார். ஜெயித்தவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. ஆனால் அதைப் பார்த்து யாரும் பாசம் என்று உருகுவதில்லை.

1799இல் திப்பு இறந்தபின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1806 புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தை ஏன் யாரும் பகிரவில்லை? நமக்கு வடக்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறதே, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. அங்கே யார் தோளில் யார் கைவைத்தார்கள்?

படத்தை நீக்கச் சொல்லவில்லை. கீழே "3 கோடியே 30 லட்சம், பாதி நாடு" என்று சேர்த்து எழுதிவிட்டுப் பகிருங்கள்.