விண்ணப்பத்தைக் கையில் வாங்கச் சொல்லுங்கள்

ரிசர்வ் வங்கி ஆளுநர் திரு. சஞ்சய் மல்ஹோத்ரா அவர்களுக்கு,

முதல் முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சரும் மக்களவையில் இதை எடுத்துச் சொல்லி, குறைந்தபட்ச சிபில் மதிப்பெண் என்று எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்றார். நல்ல விதி. ஆனால் அது காப்பது விண்ணப்பத்தை. முதல் வீடு வாங்க வருகிறவர்கள் பலர் விண்ணப்பம் என்ற ஒன்று உருவாகும் முன்பே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கிளையில் பான் எண்ணைத் தட்டிப் பார்க்கிறார்கள். 300-க்கும் 900-க்கும் இடையே வரவேண்டிய எண்ணுக்குப் பதில் திரையில் ‘-1’ வருகிறது. “சிபிலே இல்லையே சார், ஏதாவது ஹவுசிங் ஃபைனான்ஸ்ல கேட்டுப் பாருங்க” என்பதோடு பேச்சு முடிகிறது. ஃபைல் லாகின் ஆகவில்லை, ஆகவே ஏட்டளவில் நிராகரிப்பும் நடக்கவில்லை. விண்ணப்பத்துக்கு ஒப்புகை தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற உங்கள் நியாய நடைமுறை நெறிகள் பல ஆண்டுகளாக இருந்தும் பயன்படாமல் போவது இந்த இடத்தில்தான்.

அந்த ‘-1’ வாங்கின கடனைக் கட்டாதவரின் எண் அல்ல, இதுவரை வங்கியில் கடனே வாங்காதவரின் எண். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு யூனிட்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அடகுக் கடை, சேமிப்புக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டு, மாதம் பிறந்தால் வீட்டு வாடகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில். எதிலும் தவணை தவறியிருக்க மாட்டார். ஆனால் அந்த ஒழுங்கில் ஒரு வரிகூட நாட்டின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்வதில்லை. அதே ஆளின் வங்கிக் கணக்கைப் புரட்டினால் எல்லாமே தெரியும்: வாராவாரம் கூலி வரவு, ஐந்தாம் தேதிக்குள் வீட்டுக்காரருக்குப் போகும் யு.பி.ஐ. வாடகை, சீட்டுத் தவணை. வாடிக்கையாளர் சம்மதித்தால் இந்த விவரம் முழுவதையும் வங்கிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ வழி 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதாரம் இருக்கிறது, கேட்பாரில்லை.

திருப்பி அனுப்பப்பட்டவர் வீடு வாங்காமல் இருந்துவிடுவதில்லை, கூடுதல் வட்டிக்கு வாங்குகிறார். 15 லட்சம் ரூபாய், 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 13,017 ரூபாய். 13 சதவீதத்தில் 17,574. காலம் முழுக்கக் கணக்கிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 10.9 லட்சம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் பதிப்பில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அரசு தரும் வட்டி மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம். ஒரு கை கொடுப்பதைப் போல ஆறு மடங்கை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டாயம் இணைத்தீர்கள். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் வட்டியைக் குறைக்கும்போது பலன் கடைசியாகப் போய்ச் சேர்வது அங்கே கடன் வாங்கியவர்களுக்குத்தான்.

வங்கிகள் சொல்லும் பதிலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெபாசிட்தாரரின் பணம் அது. தெரியாதவருக்குக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. அதற்காகக் கால் சதவீதமோ அரை சதவீதமோ கூடுதலாகக் கேட்டால் கேட்கட்டும். சில வங்கிகளின் வட்டி அட்டவணையில் மதிப்பெண் இல்லாதவருக்கென்றே தனி வரிசை இருக்கிறது, அதுதான் நேர்மையான வழி. 2008-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சுட்டிக்காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு. அங்கே வருமானத்தைச் சரிபார்க்காமலே கடனை அள்ளிக் கொடுத்தார்கள். இங்கே கேட்பது கூடுதலாகச் சரிபாருங்கள் என்று. தவிர, 30 லட்சம் வரையிலான கடனுக்கே வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் உச்சவரம்பு. தமிழ்நாட்டில் தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்குபவர் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கைப்பணமாகப் போட்ட பிறகே வங்கிப் பணம் உள்ளே வருகிறது. மூலப் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில், தவணை தவறினால் வீட்டைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் வங்கியின் கையில். குறைந்த வருவாய்க்காரர் வீட்டுக்கடனுக்கான உத்தரவாத நிதியும் 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ‘ஆள் தெரியாது’ என்பது சோம்பலுக்குச் சொல்லும் காரணம். “முதலில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கி ஸ்கோர் ஏற்றிக்கொண்டு வாருங்கள்” என்ற அறிவுரையோ இன்னும் மோசம். கடன் இல்லாமல் குடும்பம் நடத்தியவரை, வேண்டாத கடனை வாங்கிவிட்டு வரச் சொல்கிறார்கள்.

ஆகவே புதிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. கடன் விசாரணைக்காகப் பான் எண்ணை ஒரு கிளை தட்டிய கணமே அதை விண்ணப்பமாகக் கொள்ள வேண்டும், ஒப்புகை தர வேண்டும் என்று உத்தரவிடுங்கள். வரலாறு இல்லை என்பதற்காகக் கூடுதல் வட்டி போட்டால், இரண்டு ஆண்டு தவறாமல் தவணை கட்டியதும் அது தானாக இறங்க வேண்டும், வங்கியானாலும் வீட்டுக்கடன் நிறுவனமானாலும். இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க யாரையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எந்த நிறுவனம் எப்போது யாருடைய அறிக்கையைக் கேட்டது என்பது கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் பதிவாகியே இருக்கிறது. ‘-1’ வந்த வீட்டுக்கடன் விசாரணைகள் எத்தனை, அவற்றில் கடனாக முடிந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை, வங்கிவாரியாக, காலாண்டுக்கு ஒருமுறை வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வங்கி டெபாசிட்தாரரும் வாசகருமான ஒருவர்