சுங்கச் சலுகை யாருக்கு?

இராமேசுவரத்திலிருந்து மதுரைக்குக் காரில் செல்வோர் போகலூரிலும் திருப்பாச்சேத்தியிலும் சுங்கம் செலுத்துகின்றனர். போய்த் திரும்பினால் நான்கு முறை!

2025 ஆகஸ்டு 15-ல் அறிமுகமான 'பாஸ்டேக்' ஆண்டுச் சீட்டின் தொடக்க விலை 3,000 ரூபாய். ஓராண்டுக்குள் 200 சாவடிகளைக் கடக்கலாம். ஒரு முறைக்கு 15 ரூபாய்தான்! வாரந்தோறும் மதுரை ஆஸ்பத்திரிக்குச் செல்லும் குடும்பத்துக்கு இது பெரும் லாபம். ஆண்டுக்கொரு முறை மட்டும் அக்கினி தீர்த்தமாட வருவோருக்கோ நஷ்டமே.

ஆனால், மீன் ஏற்றிச் செல்லும் சரக்கு வேனுக்கு இச்சீட்டு கிடையாது. மாதச் சீட்டு வாங்கலாம். அல்லது 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்கு கட்டலாம்.

உல்லாசக் காருக்குச் சுமார் 15 ரூபாய். உழைக்கும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. இது நியாயமா? வேன் கட்டும் சுங்கம் மீன் விலையில் அன்றோ ஏறுகிறது!