குப்பை கழுவும் வேலையா?



கடலில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை ஆய்வகத்தில் கழுவும் பிள்ளையை, "குப்பை கழுவவா எம்.எஸ்சி. படித்தான்?" என்று கேலி பேசாதீர்கள்.

2025 மே 25-இல் கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. கரையில் கிடப்பது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்டாமல் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அகச்சிவப்புக் கதிரில் வைத்து வகை கண்டுபிடிக்கிறார்கள். பாசி படிந்திருந்தால் கணிப்பு தவறும். அதற்காகத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க முடியுமா? ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். கடும் அமிலம் பட்டால் நைலானே சிதைந்துவிடும். உடுப்பும் பருத்திதான்; பாலியஸ்டர் இழை ஒன்று உதிர்ந்தாலும் கணக்கில் ஏறிவிடும். நம் இளம்பிள்ளைச் சேலையில் பாதியைக் கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது!

கடற்கரையில் ஒருநாள் பொறுக்கிப் படம் போடுபவரைவிட, இந்தப் பிள்ளைக்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.