பழுப்பு நிறப் புட்டி



கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியர், அவன் காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் இட்டுக் கட்டியதாக லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கிருமி என ஒன்று உண்டு என்பதையே எவரும் அறியாத காலம் அது. இன்று எண்ணெயும் மதுவும் இருந்த இடத்தில், நம் இல்லங்களின் அலமாரியில் ஒரு பழுப்பு நிறப் புட்டி இருக்கிறது. அதன் மருத்துவப் பெயர் பொவிடோன் அயோடின். 'பீட்டாடின்' என்றால் எல்லாருக்கும் விளங்கும். அதைப் பயன்படுத்தும் முறையைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன்.

1811-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் வெடியுப்புத் தயாரித்து வந்த பெர்னார் கூர்த்துவா என்பவர், கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழக் கண்டார். அதுவே அயோடின். சாராயத்தில் கரைத்த அயோடினை, அதாவது டிங்சரை, காயத்தில் இட்டதும் துள்ளிக் குதித்த அனுபவம் நம்மில் மூத்தவர்களுக்கு மறந்திராது. 1950-களில் அயோடினைப் பொவிடோன் என்னும் பொருளோடு பிணைத்துவிட்டார்கள். அப்பிணைப்பிலிருந்து அயோடின் சிறிது சிறிதாக வெளிப்படுவதால் எரிச்சல் குறைந்தது. எரியாத மருந்து என்றதும் அச்சமும் குறைந்தது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மருந்துக் கடையில் இதே பெயரில், இதே நிறத்தில் வெவ்வேறு புட்டிகள் கிடைக்கும். காயத்திற்கும் தோலுக்கும் உரிய மேற்பூச்சுக் கரைசல் பெரும்பாலும் 5 அல்லது 10 சதவீதம். அறுவை சிகிச்சைக்கு முன் கை கழுவுவதற்கான 7.5 சதவீதக் கரைசலில் சோப்பு போன்ற நுரைக்கும் பொருள் கலந்திருக்கும். திறந்த காயத்தில் அதை ஊற்றலாகாது. வாய் கொப்பளிக்கும் மருந்து இவ்விரண்டிலும் வேறானது. நம் நாட்டில் அது பெரும்பாலும் 2 சதவீதமாகவே விற்கப்படுகிறது. அதற்குச் சம அளவு நீர் சேர்த்த பின்னரே வாயில் விட வேண்டும். தொண்டை வலிக்கிறது என்று காயத்துக்குரிய புட்டியை நீரில் கலந்து கொப்பளிப்பது பெருந்தவறு. புட்டியின்மேல் எழுதியிருப்பதை, கண்ணாடி அணிந்தாவது, வாசித்துவிட்டுத் திறவுங்கள்.

இத்தனை எச்சரிக்கை ஏன் என்று கேட்கலாம். வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம் மட்டுமே. 10 சதவீதக் கரைசலின் ஒரே ஒரு மில்லியில் சுமார் 10,000 மைக்ரோகிராம் அயோடின் உண்டு. அதாவது இரண்டு மாதத் தேவைக்கும் மேல்! நலமான தோலின் வழியே உள்ளே செல்வது சொற்பம். ஆனால் தீக்காயத்திலும், பரந்த புண்ணிலும், வாயின் மெல்லிய சவ்விலும் அது எளிதில் ஊடுருவும். அளவு மிஞ்சினால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தடுமாறும்.

பச்சிளங் குழந்தைகளின் தோல் மிக மெல்லியது. அயோடின் மிகுந்து தைராய்டு சுரப்பு குன்றுமானால், மூளை வளர வேண்டிய அந்நாட்களில் அது சிறு இழப்பன்று. ஆகவே தொப்புள் கொடியில் நாள்தோறும் இம்மருந்தைத் தடவும் வழக்கம் எந்த வீட்டிலேனும் இருந்தால் பாட்டிமார் தயவு கூர்ந்து விட்டுவிட வேண்டும். கொடியைச் சுத்தமாகவும் உலர்ந்ததாகவும் வைப்பதே பொதுவாகப் போதுமானது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும், தைராய்டு நோயாளரும், லித்தியம் மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாகாது.

கொப்பளிப்பவர்கள் அரை நிமிடம் வாயில் வைத்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது. அவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். இரண்டு வாரத்திற்கு மேல் நீட்டிக்கவும் வேண்டாம். 2020-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும், கொரோனாவுக்கு அஞ்சி மாதக்கணக்கில் கொப்பளித்தவர்கள் உண்டு. இன்னும் அப்பழக்கத்தை விடாதோர் இருப்பின், இதுவே நிறுத்தும் வேளை.

வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் திருப்பயணியருக்கும் ஒரு சொல். காலில் கொப்புளம் எழுந்தால் அதைக் குத்தி உடைக்காதீர்கள். தானாக உடைந்தால், முதலில் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுங்கள். இரத்தமும் சீழும் அழுக்கும் அயோடினின் வலிமையைக் கெடுத்துவிடும். கழுவாமல் மருந்திடுவது வீண். பின்னர் மெல்லியதாகத் தடவி, நன்கு உலர்ந்த பிறகே கட்டுங்கள். மருந்து சொட்டச் சொட்டத் துணியை வைத்து இறுகக் கட்டினால் தோல் வெந்து புண்ணாகும். கட்டை அவிழ்க்கையில் பழுப்பு நிறம் மங்கியிருந்தால் மருந்தின் வேலை முடிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

பழைய சிவப்பு மருந்தான மெர்க்குரோகுரோம் இன்னும் எவர் வீட்டிலேனும் கிடந்தால், அதையும் இதையும் ஒரே காயத்தில் இடாதீர்கள். அதிலுள்ள பாதரசம் அயோடினோடு கூடித் தோலை அரிக்கும்.

கடற்கரைப் பங்குகளில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று: "இறால் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கிறது, அயோடின் எனக்கு ஆகுமா?" இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அன்று. அக்காரணத்திற்காக இம்மருந்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து பட்ட இடத்திலேயே அரிப்போ தடிப்போ கண்டால் உடனே கழுவி நிறுத்திவிட வேண்டும்.

நாய்க்கடிக்கு மட்டும் இப்புட்டியை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பாமல், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அயோடின் தடவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. எத்தனை தவணை என்று சொல்கிறார்களோ, அத்தனையும் போட்டுக்கொள்ள வேண்டும்.