ஒரு ரூபா ஷாம்பு பாக்கெட்டில் அந்த 11 காசு எங்கே போச்சு?

அத்திப்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகிற மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வேலைக்குப் போய் வருபவர்கள், வடசென்னை அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் என எல்லோரும் சாயங்காலம் அங்கேதான் நிற்பார்கள். கடை வாசலில் தோரணம் மாதிரி ஷாம்பு சரம் தொங்கும். பாதிப் பேர் பிராண்டு பேரைக்கூடச் சொல்வதில்லை. "அண்ணாச்சி, ரெண்டு ஷாம்பு." கிழித்துக் கொடுப்பார். முடிந்தது வியாபாரம்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஷாம்புக்கான ஜிஎஸ்டி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அடுத்த வாரம் அதே கடையில் சும்மா கேட்டுப் பார்த்தேன். "வரியைக் குறைச்சுட்டாங்களே அண்ணாச்சி, ஒரு ரூபா ஷாம்பு இப்போ எவ்வளவு?"

சிரித்துவிட்டார். "ஒரு ரூபா ஷாம்பு ஒரு ரூபாதான் தம்பி."

அவர் மேல் தப்பே இல்லை. ஆனால், அந்தப் பதிலை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எம்.ஆர்.பி. என்பது வரியையும் சேர்த்த விலை. பழைய ஒரு ரூபாயில் 18 சதவிகித வரியைக் கழித்தால் பொருளின் விலை சுமார் 84.7 காசு. அதன் மேல் புதிய 5 சதவிகித வரியைப் போட்டால் 89 காசு வருகிறது. ஆக, ஒரு ரூபாய் பாக்கெட்டில் நமக்கு வர வேண்டியது 11 காசு. இரண்டு ரூபாய் பாக்கெட் என்றால் 22 காசு.

சரி, 89 காசை எப்படிக் கொடுப்பீர்கள்? 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. 50 காசு இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் நீட்டிப் பாருங்கள். ஜிபே-யில் 89 காசு அனுப்பலாமே என்று தோன்றும். தாராளமாக அனுப்பலாம். அந்த நேரத்தில் அண்ணாச்சி முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

நிறுவனங்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அந்தச் சமயத்தில் 88 காசு, 4.45 ரூபாய் என்றெல்லாம் வினோத விலைகள் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அது கடையில் கடைசியில் ஒரு ரூபாயாகவும் ஐந்து ரூபாயாகவும்தான் முடியும், மிஞ்சினால் ஒரு மிட்டாய் கிடைக்கும். அதனால் இன்னொரு வழியைச் சொன்னார்கள்: விலையைத் தொட வேண்டாம், உள்ளே இருக்கும் அளவைக் கூட்டிவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப்படி அளவு 12.4 சதவிகிதம் கூட வேண்டும். 6 மில்லி இருந்த பாக்கெட்டில் 6.7 மில்லி இருக்க வேண்டும்.

கூட்டினார்களா? அதைத்தான் நம்மால் சொல்ல முடியவில்லை. அதுதான் என் பிரச்னையே.

கடலூரில் ஆரம்பித்த கதை

ஷாம்பு பாக்கெட்டைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். நான் அந்தக் கட்சி இல்லை. ஏனென்றால் இது நம்ம ஊர்ச் சரக்கு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர்கள் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் பொருட்களை அடைத்துப் பார்த்தவர். அவருக்குப் பிறகு மகன்கள் 'வெல்வெட்' ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-ல் கையில் 15,000 ரூபாயோடு தனியாக ஆரம்பித்த மகன்தான் சி.கே.ரங்கநாதன். அவருடைய ஷாம்புக்கு அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' என்று பெயர் வைத்தார். பிறகு அந்த நிறுவனம் கெவின்கேர் ஆனது.

அன்றைக்கு கிராமத்தில் தலைக்குச் சீயக்காய், அரப்பு, இல்லையென்றால் குளிக்கிற சோப்பு. ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களில், சிறுவர்களை நிற்க வைத்து தலைக்குத் தேய்த்துக் காட்டியிருக்கிறார்கள். ரஜினி படத்தைத் திரையிட்டு இடையில் விளம்பரம் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு ஐடியா: எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். பிறகு சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். அதற்குள் ஜனம் பிராண்டு மாறியிருந்தது. 1999-ல் 50 காசுக்கே பாக்கெட் விட்டபோது பெரிய பன்னாட்டு கம்பெனிகளும் பின்னால் ஓடிவர வேண்டியதாயிற்று.

கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே.பிரகலாத், 2004-ல் வெளியான தன் புகழ்பெற்ற புத்தகத்தில் ஏழைகளையும் ஒரு சந்தையாகப் பாருங்கள் என்று உலகத்துக்கே பாடம் எடுத்தார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று இந்த ஷாம்பு பாக்கெட்தான். எஃப்.எம்.சி.ஜி. என்று சொல்கிறோமே, சோப்பு, பேஸ்ட், பிஸ்கட், ஷாம்பு மாதிரி வாங்கின வேகத்தில் தீர்ந்து மறுபடி வாங்க வேண்டிய பொருட்கள், அந்தச் சந்தையை இந்தியாவில் தூக்கி நிறுத்தியது பாட்டில் இல்லை, பாக்கெட்.

இன்னொரு விஷயம். பாக்கெட் வாங்குபவர் ஏமாளி, மொத்தமாக பாட்டில் வாங்குபவர் புத்திசாலி என்று நாம் நினைக்கிறோம். ஷாம்பு விஷயத்தில் பெரும்பாலும் நேர் எதிர். உதாரணத்துக்கு, 2 ரூபாய்க்கு 6 மில்லி என்றால் ஒரு மில்லி 33 காசு. 150 ரூபாய்க்கு 180 மில்லி பாட்டில் என்றால் ஒரு மில்லி 83 காசு. உங்கள் வீட்டு பாட்டிலைத் திருப்பி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாட்டில், மூடி, டிசைன் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பாட்டில் வாங்குபவர் கணக்குப் பார்க்க மாட்டார் என்று கம்பெனிக்குத் தெரியும். சரத்தில் தொங்கும் ஷாம்புக்கோ பக்கத்திலேயே நாலு போட்டி தொங்குகிறது.

அனல்மின் நிலையத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் நமக்குத்தான் தெரியாது.

விலை நிற்கும், அளவு நகரும்

அப்போ எதற்கு இவ்வளவு புலம்பல் என்கிறீர்களா? பாக்கெட்டின் பலமே அந்த ஒரு ரூபாய்தான். பலவீனமும் அதுதான். பெட்ரோல் விலை ஏறும், பாமாயில் ஏறும், பேக்கிங் செலவு ஏறும். ஆனால், ஒரு ரூபாய் பாக்கெட்டை 1.10 ரூபாய் ஆக்க முடியாது. அதனால் உள்ளே இருக்கும் மில்லிதான் குறையும். பிஸ்கட் பாக்கெட் இளைத்துக்கொண்டே போவதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும், எண்ணினால் போதும். ஷாம்புவை எப்படி எண்ணுவது?

இதற்காகத்தான் 'ஓர் அலகு விலை' என்ற விதி இருக்கிறது. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும். ஐரோப்பாவில் 1998-லிருந்தே இதற்குச் சட்டம் உண்டு. இந்தியாவில் 2021-ல் அறிவித்து, சில முறை தள்ளிப்போட்டு, பிறகு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய பாட்டிலின் பின்பக்கம் குட்டி எழுத்தில் இருக்கும், பாருங்கள்.

இங்கேதான் ட்விஸ்ட். 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் 26-வது விதி, 10 கிராம் அல்லது 10 மில்லிக்கு உட்பட்ட பொட்டலங்களுக்கு விலக்கு தருகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு எதிலாவது 10 மில்லிக்கு மேல் இருக்கிறதா? விலையையும் அளவையும் கம்பெனிகள் பாக்கெட்டில் போடத்தான் செய்கிறார்கள். ஆனால், ஒரு மில்லி எவ்வளவு என்று இந்த விதிகளின்படி சொல்லத் தேவையில்லை. நான் கடையில் எடுத்துப் பார்த்த ஒரு பாக்கெட்டில் அளவு, ஒட்டு மடிப்புக்குள் பாதி போயிருந்தது. போனில் ஜூம் பண்ணித்தான் படித்தேன்.

பாட்டில் வாங்கும் எனக்கு இந்தத் தகவலைச் சட்டம் உறுதிசெய்கிறது. பாக்கெட் வாங்கும் லாரி டிரைவருக்குச் செய்யவில்லை. யாருக்கு அது அதிகம் தேவை?

சரி, வரிக் குறைப்பை அமுக்கிக்கொண்டால் கேட்க ஆள் இல்லையா? இருந்தது. ஜிஎஸ்டி வந்த 2017-லேயே தேசிய கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் வந்தது. 2022 டிசம்பரில் அந்த வேலை இந்தியப் போட்டி ஆணையத்துக்கு மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை வாங்குவதே நின்றுபோனது. ஆறாவது மாதம் வரலாறு காணாத வரிக் குறைப்பு! இந்த டைமிங்கை என்னவென்று சொல்ல. இதில் இன்னொரு கூத்து, வரி குறையும்போது விலையைக் குறைக்காமல் அளவைக் கூட்டினேன் என்பது ஏற்கத்தக்கதல்ல என்று, பழைய 2017 வரிக் குறைப்பு தொடர்பான வழக்கு ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் அதே செப்டம்பரில்தான் சொன்னது. சட்டப்படி விலை குறைய வேண்டும், நடைமுறையில் குறைக்க நாணயம் இல்லை.

'11 காசுக்கா இவ்வளவு பேச்சு?' என்று கமென்ட் வரும், தெரியும். நாலு பேர் உள்ள வீடு, வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 416 பாக்கெட், கிட்டத்தட்ட 46 ரூபாய். இதே மாதிரி 5 சதவிகிதத்துக்கு இறங்கிய பேஸ்ட், ஹேர் ஆயில் பாக்கெட், பிஸ்கட் எல்லாம் தனி. விற்பவர் பக்கம் நின்று பார்த்தால், ஒவ்வொரு ஒரு கோடி பாக்கெட்டுக்கும் 11 லட்ச ரூபாய். அந்தப் பக்கத்தில் யாரும் இதைச் சில்லறை என்று சொல்ல மாட்டார்கள்.

'அவ்வளவு சின்ன பாக்கெட்டில் எழுத எங்கே இடம்?' என்பது அடுத்த வாதம். நடிகையின் முகத்துக்கு இடம் இருக்கிறதே. அதோடு, விலக்கை நீக்கவே முடியாது என்பதும் இல்லை. பான் மசாலாவுக்கு அதைத்தான் செய்திருக்கிறார்கள். எவ்வளவு சின்ன பாக்கெட்டாக இருந்தாலும் விலை உள்ளிட்ட எல்லா விவரமும் கட்டாயம், 2026 பிப்ரவரி 1 முதல். பான் மசாலா பாக்கெட்டில் கிடைத்த இடம் ஷாம்பு பாக்கெட்டில் கிடைக்காதா? 10 மில்லி விலக்கை சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மாதிரி அன்றாடப் பொருட்களுக்காவது எடுக்க வேண்டும். முன்பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில், அதே சைஸில் மில்லி அளவு. அதற்குக் கீழே ஒரு மில்லி எவ்வளவு. இவ்வளவுதான் கேட்பது.

குப்பை பற்றிப் பேசாமல் விட்டால் எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் என்னை விட மாட்டார்கள். கொசஸ்தலை ஆற்றுக்குச் சாம்பலும் ரசாயனமும் போதாதென்று இந்தப் பாக்கெட்டுகளும் போய்ச் சேர்கின்றன. எடை இல்லாததால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். பிளாஸ்டிக் உறையைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ல் விதி வந்தது. 1980-களில் ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு என்று வீடு வீடாகக் குப்பையைத் திரட்டிக் காட்டிய துறை, இப்போது அது ரொம்பக் கஷ்டம் என்றால் எப்படி நம்புவது?

அந்தக் காலி பாக்கெட்டால் இன்னொரு உபயோகமும் உண்டு. பழைய பாக்கெட் கையில் இல்லாமல் அளவு கூடியதா, குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பிய்த்துப் போட்ட நிமிஷமே ஆதாரம் சாக்கடையில். அதனால் உங்கள் வீட்டு பாத்ரூம் ஜன்னலில் பழசு ஏதாவது ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பருக்கு முன்னால் தயாரித்த தேதி இருந்தால் அதிர்ஷ்டம். இன்றைக்கு வாங்கியதை அதன் பக்கத்தில் வைத்து, விலை அதேதானா, மில்லி எட்டில் ஒரு பங்காவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். நான் என் ரூமில் தேடிவிட்டேன், ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சியிடம் பழைய சரம் ஏதாவது அடியில் கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். "பழசா? அதெல்லாம் அன்னிக்கே தீர்ந்துபோச்சு தம்பி" என்கிறார்.